லவ் பேர்ட்ஸ் ஆணா, பெண்ணா? மூக்குக்கு முன்னால் வயதைப் பாருங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் பறவைக் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று ஜோடிக் கணக்கில் விற்பது பெரும்பாலும் பட்ஜிதான். ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளில் கூட்டம் கூட்டமாகத் திரியும் சின்னக் கிளி அது. 1840-இல் ஜான் கோல்டு என்ற பறவையியலாளர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு உலகம் முழுக்கக் கூண்டுப் பறவை ஆகிவிட்டது. காட்டில் பறப்பது பச்சைதான். கடையில் பார்க்கும் நீலம், வெள்ளை, சாம்பல், முழு மஞ்சள் எல்லாம் கூண்டில் வளர்த்துப் பிரித்தெடுத்த நிறங்கள். ஆண் பெண் பார்ப்பதில் வரும் குழப்பத்தில் பாதிக்கு இந்த நிறங்கள்தான் காரணம்.

மீதிப் பாதிக்குக் காரணம் வயது. "அண்ணா, இது ஜோடிதானே?" என்று கேட்டால், "ஜோடிதாம்மா, பாத்துதான் புடிச்சுக் குடுக்கறேன்" என்பார் கடைக்காரர். அவர் ஏமாற்ற வேண்டும் என்றே சொல்வதில்லை. குஞ்சுகள் கும்பலாகப் படபடக்கும் கூண்டுக்குள் கையை விட்டு, நீலத்தில் ஒன்று மஞ்சளில் ஒன்று பிடித்து, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் போட்டால் வாங்குபவருக்கும் அது ஜோடியாகத்தான் தெரிகிறது. முட்டையிடப் பானை கட்டி, தினை போட்டு, ஆறேழு மாதம் காத்திருந்து, ஒரு முட்டையும் காணோம் என்ற பிறகுதான் சந்தேகமே வருகிறது. உடம்பின் நிறத்துக்கும் ஆண் பெண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு விதி உண்டு: மூக்கு நீலமாக இருந்தால் ஆண், பிரவுனாக இருந்தால் பெண். அது உண்மைதான். ஆனால் வளர்ந்த பறவைக்கு மட்டும், அதிலும் சில நிறங்களை விட்டுவிட்டு. அதனால் முதலில் வயது, அடுத்து நிறம், அதன் பிறகு மூக்கு, கடைசியில் நடத்தை. இந்த வரிசை மாறினால் விடையும் மாறிவிடும்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. 'ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்' என்று விற்கும் தடித்த அலகு, குட்டை வால் கிளி உங்களிடம் இருந்தால் இந்த வழிகாட்டி பயன்படாது. அதில் கடைகளில் அதிகம் கிடைக்கும் பீச் ஃபேஸ், ஃபிஷர் வகைகளில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நேராக ஐந்தாம் படியில் உள்ள டிஎன்ஏ பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.

கூண்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள்

கடையின் டியூப் லைட்டிலும், நீல பிளாஸ்டிக் ஷீட் போட்ட கூரைக்கு அடியிலும் எல்லா மூக்கும் நீலமாகத்தான் தெரியும். காலை வெயில் நேரடியாக விழாத திண்ணை அல்லது ஜன்னலோரம் போதும். கையில் பிடித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. பிடித்தால் பறவை மிரளும், பெண்ணாக இருந்தால் கடியும் கிடைக்கும். போனில் ஜூம் செய்து, மூக்கு நேராகத் தெரியும்படி ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர், பிளாஷ் இரண்டும் வேண்டாம். அதே இடத்தில், அதே நேரத்தில் மாதம் ஒருமுறை எடுத்து வந்தால் மூக்கின் நிறம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். குஞ்சாக வாங்கியவர்களுக்கு இந்தப் படங்கள் ரொம்பவே உதவும்.

மூக்கு என்று சொல்வது அலகுக்கு மேலே, இரண்டு துவாரங்களைச் சுற்றி இருக்கும் மெத்தென்ற சதைப்பகுதியை. அலகின் நிறத்தைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

முதல் படி: வயது

நெற்றியைப் பாருங்கள். குஞ்சுக்குத் தலையின் மேல் உள்ள கறுப்புப் பட்டைகள் நெற்றி வழியாக இறங்கி மூக்கைத் தொடும்வரை இருக்கும். ஏறத்தாழ மூன்று, நான்கு மாதத்தில் முதல் முறையாக இறகு உதிர்த்து முளைக்கும்போது அந்தப் பட்டைகள் பின்னால் போய்விடும். பச்சை வகைக்கு நெற்றி சுத்த மஞ்சளாகும், நீல வகைக்கு வெள்ளையாகும். நெற்றியில் பட்டை இருந்தால் அது குஞ்சு. அந்த வயதில் மூக்கு நீலமா பிரவுனா என்று தேடக் கூடாது.

அடுத்தது கண். குஞ்சின் கண் முழுக்கக் கறுப்பு, பெரிய உருண்டையாகத் தெரியும். வளர வளர கறுவிழியைச் சுற்றி வெளிர்ந்த வளையம் தோன்றும். ஆறேழு மாதத்துக்கு மேல் அது தெளிவாகவே இருக்கும். நெற்றியும் சுத்தம், கண்ணில் வளையமும் உண்டு என்றால் வளர்ந்த பறவை என்று எடுத்துக்கொள்ளலாம். திட்டுத் திட்டான நிறமுள்ள ஹார்லிகுயின் போன்ற சில வகைகள் மட்டும் எத்தனை வயதானாலும் கண்ணில் வளையம் காட்டாது.

இன்னும் சில குஞ்சுகளுக்கு அலகின் நுனியில் கரி பூசியது போன்ற கறை இருக்கும். இருந்தால் குஞ்சு என்பது உறுதி. இல்லாவிட்டால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இரண்டாம் படி: நிறம்

இங்கே தேட வேண்டியது ஒரு சிறு பட்டியல்தான். கண் சிவந்த முழு மஞ்சள் (லுட்டினோ), கண் சிவந்த முழு வெள்ளை (அல்பினோ), கடைகளில் மொத்தமாக 'ரெட் ஐ' என்று சொல்பவை எல்லாம் ஒரு கூட்டம். உடம்பு பாதி நிறமும் பாதி மஞ்சளோ வெள்ளையோ திட்டுத் திட்டாக, கண்ணில் வளையமே இல்லாமல் இருக்கும் ஹார்லிகுயின் இன்னொரு கூட்டம். சிவப்புக் கண்ணோடு மங்கிய பிரவுன் கோடுகள் உள்ள லேஸ்விங், ஃபாலோ ஆகியவையும் இதில் சேரும். வளையமே இல்லாத கறுத்த கண்ணோடு, ஒரு புள்ளிகூட இல்லாத முழு மஞ்சள், முழு வெள்ளையும் அப்படியே.

இந்த வகைகளில் ஆணின் மூக்கு நீலமாக மாறவே மாறாது. குஞ்சில் இருந்த இளஞ்சிவப்பு அல்லது ஊதா கலந்த இளஞ்சிவப்பே ஆயுள் முழுக்க நிற்கும். "என் மஞ்சள் ரெட் ஐக்கு மூக்கு நீலமே ஆகலை, அப்ப அது பொண்ணுதானே?" என்று கேட்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மூக்கு வழுவழுப்பாக, ஒரே சீரான இளஞ்சிவப்பாக இருந்தால் அது ஆண். இதே வகைகளில் பெண்ணின் மூக்கு மற்ற பெண்களைப் போலவே வெளுப்பு, வெளிர் மண் நிறம், பிரவுன் என்றுதான் போகும்.

சாதாரணப் பச்சை, நீலம், சாம்பல், ஊதா, ஸ்பாங்கிள், ஓப்பலைன் என்றால் வழக்கமான நீலம், பிரவுன் விதி செல்லும். தலையில் கொண்டை இருக்கிறதா, இறக்கையில் பூப்போல இறகு சுருண்டிருக்கிறதா, 'கிங் சைஸ்' பட்ஜியா என்பதெல்லாம் இதை மாற்றாது.

மூன்றாம் படி: மூக்கு

குஞ்சிலிருந்து தொடங்குவோம், தப்பு அதிகம் நடப்பது அங்கேதான். ஆண் குஞ்சின் மூக்கு இளஞ்சிவப்பு அல்லது ஊதா கலந்த இளஞ்சிவப்பு. ஓரத்திலிருந்து துவாரம்வரை ஒரே நிறம். பெண் குஞ்சின் மூக்கு வெளிர் நீலமாகவோ வெளுத்த இளஞ்சிவப்பாகவோ இருக்கும், துவாரங்களைச் சுற்றிச் சுண்ணாம்பு வைத்தது போல வெள்ளை வளையம் தெரியும். அதாவது குஞ்சு வயதில் லேசான நீலம் தெரிந்தால் பெண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெரிய பறவைக்கான விதியை இங்கே போட்டால் நேர் எதிர் விடை வரும். "நீல மூக்கா பாத்துக் குடுங்கண்ணா, ஆண் வேணும்" என்று குஞ்சுக் கூண்டின் முன் நின்று கேட்டு, பெண்ணை வாங்கிப்போகிறவர்கள் இப்படித்தான்.

அந்த வெள்ளை வளையத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிறம் எதுவானாலும், வயது எதுவானாலும், துவாரத்தைச் சுற்றித் தெளிவான வெள்ளை வளையம் இருந்தால் பெண் என்ற பக்கம்தான் சாய வேண்டும். இதைவிட நம்பகமான ஒற்றை அடையாளம் மூக்கில் வேறு இல்லை.

வளர்ந்த ஆணுக்கு மூக்கு அழுத்தமான நீலம். மெழுகு தேய்த்தது போல வழுவழுப்பு, வளையம் கிடையாது, நிறத்தில் ஏற்ற இறக்கம் கிடையாது.

வளர்ந்த பெண்ணின் மூக்குதான் மாறிக்கொண்டே இருக்கும். முட்டையிடும் பக்குவத்துக்கு வரும்போது வெளிர் மண் நிறமாகி, பிறகு கரும்பிரவுனாகி, மேல்தோல் தடித்துச் சொரசொரப்பாகும். அந்தப் பருவம் முடிந்ததும் பொருக்கு உதிர்ந்து மறுபடி வெளுத்துவிடும். ஓய்வில் இருக்கும் பெண்ணுக்கும், இறகு உதிர்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கும் மூக்கு வெளிர் நீலமாகக்கூடத் தெரியும். "போன மாசம் பிரவுனா இருந்துச்சு, இப்ப நீலமாயிடுச்சு, பறவையை மாத்திட்டாங்களா?" என்று பதற வேண்டாம். இரண்டு நீலத்துக்கும் வித்தியாசம் உண்டு. பெண்ணின் நீலம் தண்ணீர் கலந்தது போல வெளுத்தது, காய்ந்து மங்கலாக இருக்கும், வளையமும் கூடவே தெரியும்.

மூக்கின் நிறத்தை உடம்புக் கோளாறும் மாற்றும். இதைத் தெரிந்துகொள்வது ஆண் பெண் பார்ப்பதைவிட முக்கியம். வருடக்கணக்கில் நல்ல நீலமாக இருந்த ஆணின் மூக்கு மெல்ல மெல்லப் பிரவுனானால், விரையில் கட்டி வந்து பெண் ஹார்மோன் சுரக்கிறது என்று பொருளாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்கிலும் அலகின் ஓரத்திலும் சாம்பல் கலந்த பொருக்கு கட்டி, தேன்கூடு போல் பொடிப்பொடி ஓட்டைகளாகத் தெரிந்தால் அது பூச்சித் தொல்லை. கண்ணுக்குத் தெரியாத உண்ணி தோலுக்குள் துளைத்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்து அதைப் பிரவுன் மூக்கு, பெண் என்று நினைத்துவிடுவார்கள். மருந்து போட்டால் சரியாகும், ஆனால் அளவு பறவையின் எடைக்கு ஏற்ப மருத்துவர் சொல்ல வேண்டியது. முப்பது நாற்பது கிராம் உயிருக்கு ஆடு மாட்டு மருந்தைக் குத்துமதிப்பாகச் சொட்டு விடாதீர்கள். பெண்ணின் பிரவுன் தோல் அளவுக்கு மீறி வளர்ந்து மூச்சுத் துவாரத்தை அடைத்தாலும் நகத்தால் பிய்க்கக் கூடாது.

நான்காம் படி: நடத்தை

மூக்கில் முடிவு தெரியாதபோது இதற்கு வாருங்கள். காலையில் கூண்டுத் துணியை எடுத்த முதல் அரை மணி நேரமும், சாயங்காலம் அடங்கும் முன்பும் நல்ல நேரம். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள், கிட்டே போனால் இரண்டும் சிலையாகிவிடும்.

ஆண் வாயாடி. மூச்சு விடாமல் குழைந்து குழைந்து பாடிக்கொண்டே இருக்கும். தலையை வேகமாக மேலும் கீழும் ஆட்டும். கம்பியிலும் மணியிலும் கண்ணாடியிலும் அலகால் டக் டக்கென்று தட்டும். ஜோடியின் அலகில் தட்டிவிட்டு விலகி, மறுபடி வந்து தட்டும். உற்சாகம் ஏறும்போது கன்னத்து இறகு புசுபுசுவென்று எழும்பும், கறுவிழி புள்ளியாகச் சுருங்கி விரியும். தின்றதைக் கக்கி ஊட்டும். பேச்சு பழக்கினால் சீக்கிரம் பிடித்துக்கொள்வதும் ஆண்தான். பெண் பேசாது என்று இல்லை, அதிகம் மெனக்கெடாது.

பெண் வேலைக்காரி. பேப்பர், அட்டை, குச்சி, பானை வாய் என்று எதையாவது கடித்துத் துருவிக்கொண்டே இருக்கும். சோதிக்க வேண்டுமானால் கையளவு வேப்பங்குச்சியோ கொய்யாக் கிளையோ கட்டிவிட்டுப் பாருங்கள். இரண்டு நாளில் பட்டையை உரித்துச் சக்கையாக்கி வைத்திருந்தால் பெண்ணுக்கு ஒரு ஓட்டு. கிருஷ்ணகிரிப் பக்கம் கவாத்து செய்த மாங்கிளை சும்மாவே கிடைக்கும், ஆனால் தோப்புகளில் மருந்து அடிக்காத மரம் அபூர்வம், அதனால் அது வேண்டாம். பெண்ணின் கடியும் ஆணின் கடியும் வேறு வேறு. ஆண் கவ்விவிட்டு விடும். பெண் விரலைப் பிடித்தால் திருகும். கூண்டில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று விரட்டி அதிகாரம் பண்ணுவதும் பெரும்பாலும் பெண்தான்.

பானை வைத்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். ஆண் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடும். பெண் உள்ளே போய்த் திரும்பித் திரும்பி உட்காரும், தரையைச் சுரண்டும், மணிக்கணக்கில் வெளியே வராது. முதுகை வளைத்து, தலையையும் வாலையும் மேலே தூக்கிக் கிளையில் அசையாமல் படிந்தால் அது ஆணை அழைக்கும் நிலை.

ஆனாலும் நடத்தையைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம். இரண்டு ஆண்களை ஒரே கூண்டில் வைத்தால் ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொள்ளும், தலை கோதிவிடும், ஒன்றின் மேல் ஒன்று ஏறவும் செய்யும். பார்க்கிறவர்கள் நல்ல ஜோடி என்றே சொல்வார்கள். இரண்டு பெண்களும் அப்படி நட்பாக இருப்பது உண்டு.

பானையிலேயே தெரிந்துவிடும் ஒரு கணக்கு

வீட்டிலேயே குஞ்சு எடுப்பவர்களுக்கு மட்டும் இது. நமக்கு ஆணிடம்தான் இரண்டு வகைக் குரோமோசோம் இருக்கிறது. பறவைகளில் பெண்ணிடம். ஆணுக்கு இரண்டு இசட், பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. லுட்டினோ, அல்பினோ தன்மை அந்த இசட்டில் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் அடங்கிப்போகும் குணம். மகனுக்கு அது வெளியே தெரிய வேண்டுமானால் தாயிடமிருந்தும் வர வேண்டும், தந்தையிடமிருந்தும் வர வேண்டும். மகளுக்குத் தந்தையிடமிருந்து வந்தாலே போதும்.

அதனால், தாய் ரெட் ஐ இல்லை என்றால், அவளுக்குப் பிறந்த லுட்டினோ, அல்பினோ குஞ்சு எல்லாமே பெண். தந்தை யார் என்று தெரிய வேண்டியதுகூட இல்லை. தந்தை லுட்டினோ, தாய் சாதாரணப் பச்சை என்றால் இன்னும் சுலபம்: கண் சிவந்த குஞ்சு எல்லாம் பெண், மற்றவை எல்லாம் ஆண். முட்டையிலிருந்து வந்த சில நாளிலேயே கண் சிவப்பா கறுப்பா என்று தோல் வழியாகத் தெரிந்துவிடும். தாய் லுட்டினோவாக இருந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். சின்னமன் (கறுப்புக் கோடுகள் பிரவுனாக இருக்கும் வகை), ஓப்பலைன் நிறங்களுக்கும் இதே கணக்கு பொருந்தும், ஃபாலோவுக்குப் பொருந்தாது.

ஒரே பெரிய கூண்டில் பல ஜோடிகளை விட்டிருப்பவர்கள் கவனியுங்கள். ஒரு பெண் இன்னொன்றின் பானையில் முட்டை வைத்துவிட்டுப் போகும். எந்தப் பானையில் பிறந்தது என்பதை வைத்துத் தாயை முடிவு செய்தால் கணக்கும் போய்விடும்.

நம்பக் கூடாதவை

தொண்டையில் உள்ள கறுப்புப் புள்ளிகளை எண்ணுவது வீண், இரு பாலுக்கும் ஒன்றுதான். தலை தட்டையா உருண்டையா, வால் நீளமா என்பதும் அப்படியே. ஆணின் கால் நீலம் ஓடிய சாம்பல், பெண்ணின் கால் இளஞ்சிவப்பு என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் நிறத்துக்கு நிறம் மாறும். கோழி வளர்த்துப் பழகியவர்கள் இடுப்பெலும்பின் இடைவெளியை விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். பட்ஜியின் அளவுக்கு அது ஊகம்தான், அழுத்தினால் காயமும் ஆகும். ஓசூர் மத்திகிரியில் கோழியினத்துக்கென்றே அரசுக் கல்லூரி இருக்கும் மாவட்டம் இது. ஒரு நாள் கோழிக்குஞ்சின் பின்துவாரத்தைப் பார்த்துச் சேவலா பெட்டையா என்று பிரிப்பவர்களைப் பற்றி நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்த வித்தை கிளிகளிடம் பலிக்காது.

ஐந்தாம் படி: உறுதியான இரண்டு வழிகள்

ஒன்று முட்டை. எந்தப் பறவை இட்டது என்று கண்ணால் பார்த்திருந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. ஆண் இல்லாமலேயே பெண் முட்டையிடும், அது பொரிக்காது. அதனால் முட்டை வந்தது என்பதற்காக மற்றது ஆண் என்று சொல்லிவிட முடியாது. ஒன்று விட்டு ஒரு நாள் என்று நான்கிலிருந்து ஆறு முட்டை வருவது வழக்கம். தினமும் ஒன்று வந்தாலோ, பத்துக்கு மேல் சேர்ந்தாலோ இரண்டும் பெண் என்று சந்தேகப்படுங்கள். 18 நாள் அடைகாத்துக் குஞ்சு வந்தால்தான் ஜோடி உறுதி.

பெண் என்று தெரிந்த பறவைக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரையை (கணவாய் மீனின் ஓடு) கூண்டில் கட்டிவிடுங்கள், சுண்ணாம்புச் சத்துக்கு. கூண்டின் அடியில் புசுபுசுவென்று உப்பி உட்கார்ந்து, வால் ஏறி இறங்க முக்கிக்கொண்டிருந்தால் முட்டை மாட்டியிருக்கிறது. கதகதப்பாக வைத்து உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள், காலைவரை காத்திருக்கிற விஷயம் இல்லை.

இரண்டாவது டிஎன்ஏ. மார்பிலிருந்து வேரோடு பறித்த சில இறகுகள் போதும், குஞ்சானாலும் பெரியதானாலும் விடை ஒன்றுதான். கூண்டின் அடியில் உதிர்ந்து கிடக்கும் இறகு உதவாது, வேரில் உயிரணு இருக்க வேண்டும். ஒவ்வொரு பறவைக்கும் தனித்தனிக் காகித உறை, அதன் மேல் கால் வளையத்தின் எண் அல்லது நிறம், இடையில் கை கழுவுதல். இவற்றில் கோட்டைவிட்டால் பரிசோதனை சரியாக இருந்தும் விடை மாறிவிடும். தபாலில் மாதிரி வாங்கிக்கொள்ளும் ஆய்வகங்கள் இருக்கின்றன. இறகு எடுக்கப் பயமாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். சாதாரணப் பச்சை, நீலப் பட்ஜிக்கு இந்தச் செலவு தேவையே இல்லை, ஆறு மாதம் பொறுத்தால் மூக்கே சொல்லிவிடும். விலை அதிகமான நிறங்களில் ஜோடி சேர்க்கிறவர்களுக்கும், ஆப்பிரிக்கன் வைத்திருப்பவர்களுக்கும்தான் இது.

தெரிந்த பிறகு

இரண்டும் ஆண் என்றால் கவலையில்லை, சத்தமும் விளையாட்டுமாக நன்றாகவே இருக்கும். இரண்டும் பெண் என்றால் பானையை எடுத்துவிடுங்கள். பானைக்காகப் பெண்கள் போடும் சண்டை ரத்தக் காயத்தில் முடியும், சில சமயம் ஒன்று செத்தும் போகும். தீவனமும் தண்ணீரும் இரண்டு இடத்தில் வைத்து, கூண்டும் பெரிதாக இருந்தால் பெரும்பாலும் ஒத்துப்போகும். சண்டை தொடர்ந்தால் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆணும் பெண்ணும்தான் என்றால் ஒரு வயது ஆகும்வரை பானை வேண்டாம். நாலைந்து மாதத்திலேயே மூக்கு நிறம் கூடிவிடும், ஆனால் அந்த வயதில் முட்டையிட்டால் பெண்ணின் உடம்பு தாங்காது. ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே கூண்டிலிருந்து பிடித்தவை என்றால் ஒரே பானையில் பிறந்த அண்ணன் தங்கையாகவும் இருக்கலாம். குஞ்சு எடுக்கும் எண்ணம் இருந்தால் அதில் ஒன்றைப் பறவை வளர்க்கும் வேறு வீட்டுக்காரரிடம் மாற்றிக்கொள்ளுங்கள்.